அமெரிக்கக் கறுப்பினத்தவர் இயக்கங்களுக்கான கூட்டு நிதி எப்படி நடக்கிறது? நம் சிறு குழுக்களுக்கு அது சரிவருமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

செந்தூல், கெப்போங், பந்தாய் டாலாம் பக்கம் நாங்கள் நாலைந்து சிறு குழுக்கள் இருக்கிறோம். ஒன்று அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. ஒன்று பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு பதிவிலாகாவுக்கு அலைகிறது. இன்னொன்று போலீஸ் காவலில் இறந்தவர்களின் குடும்பத்தோடு நீதிமன்றத்தில் போய் உட்காருகிறது. எல்லாம் நம் மக்களே நடத்துவது, சம்பளத்துக்கு ஆள் ஒருவரும் கிடையாது. இதில் வகுப்புக்கு மட்டும்தான் காசு கிடைக்கிறது. காவல் மரணம் என்று பேச்செடுத்தால் கொடுக்க வந்தவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

வகுப்புக்குக் கிடைக்கும் காசும் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒரு நிறுவனம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது. மேசை அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை கொண்டுவந்து பிள்ளைகள் கையில் பிடிக்கக் கொடுத்தார்கள், தங்கள் சின்னம் படத்தில் சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்ப நிற்க வைத்து எடுத்தார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் முட்டி போட்டே இருந்தார்கள். பணம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அதிலும் புத்தகம் வாங்கலாமாம், மண்டப வாடகைக்குத் தொடக்கூடாதாம்.

இப்போது சில மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஒரு சிறு அறக்கட்டளையும் சேர்ந்து, "நீங்கள் எல்லாரும் ஒரே நிதியாக வாருங்கள், நாங்களும் ஒரே இடத்தில் போடுகிறோம்" என்கிறார்கள். எங்கள் குழுவில் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த தங்கச்சி ஒருத்தி, அங்கே கறுப்பினத்தவர் தலைமையில் நடக்கும் அடித்தட்டு இயக்கங்களுக்கு இதே மாதிரி கூட்டு நிதிகள் இருக்கின்றன, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணத்தை யார் பிரிக்கிறார்கள்? தெருவில் நிற்கும் குழுவுக்கு அது நிஜமாகவே போய்ச் சேர்கிறதா? கொடுத்தவர்கள் கடிவாளத்தை இழுப்பதில்லையா?

நூலகக்காரி (பெட்டாலிங் ஜெயா):

தம்பி, அங்கே முதலில் பார்க்க வேண்டியது 2016-இல் தொடங்கிய "கறுப்பினத்தவர் தலைமையிலான இயக்க நிதி". மினியாபொலிஸ் நகரில் இருக்கும் பொரியாலிஸ் என்ற இடைநிலை அமைப்பின் கீழ் அது நடக்கிறது. 2014-இல் ஃபெர்குசன் ஊரில் போலீஸ் சுட்டு ஓர் இளைஞன் இறந்த பிறகு ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன இல்லையா, அவர்களில் பலருக்கு அப்போது வங்கிக் கணக்கே கிடையாது. பெரிய அறக்கட்டளைகளுக்கோ வங்கிக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் இல்லாத ஆளுக்குப் பணம் கொடுக்கத் தெரியாது. நடுவில் ஒருவர் நின்று, பத்து அறக்கட்டளைகளின் பணத்தை ஒரே இடத்தில் வாங்கி, சட்டமும் வரியும் தணிக்கையும் தானே பார்த்துக்கொண்டு, சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் ஏற்பாடு. ஃபோர்டு அறக்கட்டளை அதை அறிவித்தபோது ஆறு ஆண்டில் 10 கோடி டாலர் திரட்டுவது இலக்கு என்றார்கள். பல செய்திகளில் ஃபோர்டே அவ்வளவையும் தூக்கிக் கொடுத்துவிட்டது போல வந்தது, அது தவறு. பலரிடம் திரட்ட வேண்டிய தொகை அது.

இந்த மாதிரி நிதிகளின் நல்ல பக்கம் இரண்டு. ஒன்று, குழு பத்து இடத்தில் பத்து விதப் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம்: "புத்தகத்துக்கு மட்டும்" என்று முத்திரை குத்தாமல், வாடகை, சம்பளம், பெட்ரோல், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று கொடுக்கும் பணம். இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2020-இல் பிரிட்ஜ்ஸ்பேன், எக்கோயிங் கிரீன் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஒரே உதவித்திட்டத்துக்கு விண்ணப்பித்துத் தேர்வில் முன்னணியில் நின்ற அமைப்புகளை எடுத்துப் பார்த்ததில், கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்புகளின் வருமானம் வெள்ளையர் நடத்துபவற்றைவிட 24 விழுக்காடு குறைவு. நிபந்தனையில்லாமல் கையில் இருக்கும் சொத்து 76 விழுக்காடு குறைவு. அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். அவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள், ஆனால் நம்பிக் கொடுப்பதில்லை. உங்கள் மண்டப வாடகைக் கதையும் அதேதான்.

யார் பிரிக்கிறார்கள் என்பது நிதிக்கு நிதி மாறும். சிலவற்றில் அறக்கட்டளை அதிகாரிகளே உட்கார்ந்து பிரிக்கிறார்கள். சிலவற்றில் இயக்கத்துக்குள் வேலை செய்பவர்களையும் குழுவில் சேர்க்கிறார்கள். 2020-இல் தொடங்கிய தெற்குச் சக்தி நிதி என்ற ஒன்றைத் தேடிப் படியுங்கள், தென்மாநிலங்களில் களத்தில் இருக்கும் நான்கு அமைப்புகளே சேர்ந்து ஆரம்பித்தது அது. அதில் ஒன்று டென்னசியின் ஹைலேண்டர் மையம். 1932-இல் தொடங்கிய பள்ளி, ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுப்பதற்குச் சில மாதம் முன்பு பயிற்சிக்குப் போன இடம். 1961-இல் மாநில அரசு அதன் உரிமத்தைப் பிடுங்கியது, வேறு பெயரில் மறுபடி எழுந்தார்கள். 2019-இல் அவர்களுடைய அலுவலகக் கட்டடம் எரிந்துபோனது, வெள்ளையர் ஆதிக்கக் கும்பல்களின் அடையாளம் அங்கே பெயின்டில் வரையப்பட்டிருந்தது. இவ்வளவையும் தாங்கியவர்கள் பணம் பிரிக்கும் மேசையில் இருப்பதும், ஊர் பேர் தெரியாத ஓர் அதிகாரி இருப்பதும் ஒன்றாகாது.

பிறைத் தொழிற்சங்கம் (பினாங்கு):

நூலகக்காரி அக்கா சொன்னது சரி. ஆனால் கூட்டு நிதி 2016-இல் பிறந்ததில்லை. பழைய கதையையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

1961-இல் இளைஞர்கள் இனப்பிரிவினையை எதிர்த்துப் பேருந்துகளில் ஏறித் தென்மாநிலங்களுக்குப் போய் அடி வாங்கினார்கள், அவர்கள் போன பேருந்தை வெள்ளையர் கும்பல் கொளுத்தியது, உலகமே பார்த்தது. கென்னடி அரசாங்கத்துக்கு அது தலைவலி. தெருவில் இறங்காமல் வாக்காளர் பதிவு செய்யுங்களேன், அதற்கு அறக்கட்டளைப் பணம் கிடைக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்படி 1962-இல் வந்ததுதான் வாக்காளர் கல்வித் திட்டம். டகோனிக், ஃபீல்ட், ஸ்டெர்ன் என்று சில அறக்கட்டளைகள் பணம் போட்டன, இயக்கங்கள் பிரித்துக்கொண்டன. பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டரை வருடத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்காளராகப் பதிந்தார்கள். ஆனால் இளைஞர்களுக்குள்ளேயே பெரிய சண்டை, போராட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டார்களா என்று.

அடுத்த வருடம் ஜூன் மாதம் மிசிசிப்பியின் கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். உடனே டகோனிக்கின் ஸ்டீபன் கரியர் நியூயார்க்கில் பணக்காரர்களைக் கூட்டிப் பெரிய தொகை திரட்டினார். பெரிய இயக்கங்களின் தலைவர்கள் ஒரு கவுன்சிலாக உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பெரிதாக இருந்தவர்களுக்குப் பெரிய பங்கு போனது, மிசிசிப்பியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்த மாணவர் அமைப்புக்குச் சின்னப் பங்குதான். வாஷிங்டன் பேரணியின் வேகத்தை இந்தப் பணம் தணித்துவிட்டது என்று மால்கம் எக்ஸ் அந்த வருடம் நவம்பரில் டெட்ராய்ட் மேடையிலேயே பெயர் சொல்லித் தாக்கினார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். நான் சொல்வது என்னவென்றால், எல்லார் முன்னிலையிலும் கணக்கைப் பிரிக்காவிட்டால் அப்படி ஒரு கேள்வி வந்தே தீரும், வந்தால் பதில் சொல்லவும் முடியாது.

இன்னொன்று. 1967-இல் கிளீவ்லண்டில் ஃபோர்டு பணத்தில் கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள், கார்ல் ஸ்டோக்ஸ் மேயர் ஆனார், பெரிய அமெரிக்க நகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர். 1969-இல் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டு வரிச் சட்டத்தை மாற்றினார்கள், அந்த விவாதத்தில் இந்தக் கிளீவ்லண்ட் கதை நன்றாகவே அடிபட்டது. ஜெயித்தால் சட்டத்தை மாற்றுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே சொந்தக் காசு கொஞ்சமாவது இருக்க வேண்டும். பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து நடந்த மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. தலைவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கோழி பொரித்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை சுட்டு, கேக் செய்து முடிதிருத்தும் கடைகளிலும் வாடகைக்கார் நிற்கும் இடங்களிலும் விற்றார்கள். யார் சமைத்தது, யார் வாங்கியது என்று பெயர் வெளியில் வராது, வந்தால் வெள்ளைக்காரர் வீட்டு வேலை போய்விடும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த வாரக் காசை அவர் கொண்டுவந்து கொட்டும்போது கூட்டம் எழுந்து நின்று கைதட்டுமாம். மக்களை வேலைக்கு ஏற்றிப் போன கார்களுக்கு அந்தக் காசில்தான் பெட்ரோல். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக அவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு வீட்டிலேயே சமைத்து விற்றார், மார்ட்டின் லூதர் கிங் அங்கே சாப்பிட வருவார்.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. 1960-இல் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி என்று பால் வெட்டுகிறவர்களிடம் பங்குப் பணம் திரட்டித்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டத்தையே வாங்கினார்கள். அதை விட நல்ல உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டுமா என்று கூடத் தோன்றும். ஆனாலும் படியுங்கள், படிப்பதில் நஷ்டமில்லை.

செந்தூல்வாசி:

ஐயா, ரொம்ப நன்றி. கில்மோர் அம்மா பற்றி இன்று கூட்டத்தில் சொன்னேன், எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் பலகாரம் விற்று வக்கீல் செலவுக்குக் கட்டாது. பிரேத விசாரணை, தனியார் நோயியல் நிபுணரின் இரண்டாவது அறிக்கை, வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கிறது. 2009-இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த இளைஞரின் குடும்பத்துக்கு உயர்நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது 2013-இல். அவ்வளவு நாள் ஒரு தாய் தாக்குப்பிடிக்க வேண்டுமே. இன்னொரு பயமும் இருக்கிறது, 2020-இல் அங்கே பணம் மழை மாதிரிக் கொட்டிப் பிறகு சண்டை வந்தது என்கிறார்களே, அது என்ன?

கணக்காய்வாளன் (பிரிக்பீல்ட்ஸ்):

அது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2020 மே 25-இல் ஜார்ஜ் ஃபிளாய்டை மினியாபொலிசில் போலீஸ்காரர் கழுத்தில் முட்டி வைத்துக் கொன்றார். அந்த ஊரில் ஏழைகளுக்கு ஜாமீன் கட்ட உதவும் சிறு நிதி ஒன்றுக்குச் சில வாரத்திலேயே 3 கோடி டாலருக்கு மேல் வந்து குவிந்தது. பிளாக் லைவ்ஸ் மேட்டர் பெயரில் இருந்த தலைமை அறக்கட்டளைக்கு அந்த வருடம் 9 கோடி டாலருக்கு மேல் வந்ததாக அவர்களே பிறகு அறிவித்தார்கள். வருட முடிவுக்குள் பத்துக் கிளைகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் வெளியிட்டன: எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறீர்கள், கணக்குச் சொல்வதில்லை, எங்களுக்கு வரும் பணம் சொற்பம் என்று. அந்தத் தலைமை அறக்கட்டளை கலிபோர்னியாவில் ஏறக்குறைய 60 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியது 2022-இல் பத்திரிகையில் வந்தபோது எதிரிகளுக்குக் கொண்டாட்டம். தெருவில் நின்று கண்ணீர்ப்புகை வாங்கிய பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து கெட்டதே, அதுதான் எனக்கு ஆற்றவில்லை.

பணம் அதிகம் வந்ததைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் வருமுன்பே யார் பிரிப்பது, யார் கையெழுத்து, கிளைக்கு எவ்வளவு, கணக்கு எப்போது வெளியில் வரும் என்று எழுதி வைக்காததுதான் வினை. நீங்கள் இப்போதே எழுதுங்கள், 500 வெள்ளி இருக்கும்போதே.

நம் நாட்டு நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் குழுக்களில் எத்தனை 1966 சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்தவை? பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். கொடுப்பவர்களுக்கு வரிக்கழிவு வேண்டுமென்றால் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பு வேண்டும், புதிய சிறு குழுவுக்கு அது லேசில் கிடைக்காது. ஆகவே அனுமதி உள்ள ஓர் அமைப்பின் கணக்கில் தனித்தலைப்பாக நிதியை வையுங்கள். அமெரிக்காவில் சிறு குழுக்கள் இப்படித்தான் இன்னொருவர் பதிவின் நிழலில் நிற்கின்றன, அதற்கு 5 முதல் 10 விழுக்காடு வரை கட்டணம் பிடிப்பது அங்கே சாதாரணம். நிழல் கொடுப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் அவசியம், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. முக்கியமாக, நிதி யாருக்குப் போக வேண்டும் என்பதை உங்கள் குழு சொல்ல வேண்டும், சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை அவர்கள் மறுக்கக்கூடாது என்ற வரி அதில் இருக்கட்டும். அவர்களுடைய அனுமதியின் நோக்கத்துக்குள் நீதிமன்றச் செலவு அடங்குமா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், அங்கேதான் இடிக்கும். இதை வீட்டில் கூட்டு (மாதச் சீட்டு) கட்டுவது மாதிரி வாட்ஸ்அப் குழுவில் காசு பிடித்து ஒருவர் கணக்கில் போட்டு நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அந்தக் கூட்டுச் சீட்டு 1971 சட்டப்படியே தடை, பொது நன்கொடையைத் தனி ஆள் கணக்கில் வைத்தாலோ கேள்வி வேறு மாதிரி வரும்.

சட்ட மாணவி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

ஐயாவும் அண்ணனும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். செந்தூல் அண்ணன் முதல் பத்தியில் எழுதிய ஒன்றை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது: வகுப்புக்குக் காசு உண்டு, காவல் மரணத்துக்குக் கிடையாது.

இதே விஷயம் அமெரிக்காவில் 1920-களிலேயே நடந்தது. அப்போது கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் பெரிய போராட்டம் கும்பல் கொலைக்கு எதிரானது. ஆட்களை மரத்தில் தொங்கவிட்டுப் படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்ற காலம். 1922-இல் தொடங்கிய கார்லண்ட் நிதி என்ற அறக்கட்டளை அவர்களுக்குப் பணம் கொடுக்க முன்வந்தது, ஆனால் அதன் அக்கறை வேறு பக்கம் இருந்தது, கல்வி வழக்குகள் பக்கம் மெல்ல மெல்லச் சங்கத்தை நகர்த்தியது என்று சில ஆய்வாளர்கள் கடிதங்களை வைத்துக் காட்டுகிறார்கள். அந்தக் கல்வி வழக்குகள்தான் 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வரை போயின, ஆகவே அது வீண் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் கும்பல் கொலைக்கு எதிரான மத்தியச் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2022 மார்ச்சில். பணம் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, தெற்கத்திய செனட்டர்கள் எத்தனையோ முறை தடுத்தார்கள். ஆனாலும் உயிர் போகிற பிரச்சினையைக் கொடுப்பவர்கள் தொடத் தயங்குவது எவ்வளவு பழைய பழக்கம் பாருங்கள். பிள்ளைகள் படிக்கும் படம் அழகாக இருக்கும், பிணவறை வாசலில் நிற்கும் தாயின் படத்தில் சின்னம் பொறிக்க முடியாது.

ஆகவே என் பதில் இது அண்ணே. நிதியை ஆரம்பியுங்கள், ஆனால் காவல் மரணக் குழுவுக்கு ஒரு பங்கு கட்டாயம் என்று முதல் நாளே எழுதுங்கள். அதற்குச் சம்மதிக்காத மருத்துவரோ அறக்கட்டளையோ வகுப்புக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போகட்டும், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், கூட்டு நிதிக்குள் அவர்கள் வேண்டாம். பிரிக்கும் குழுவில் பாதிக்கு மேல் களத்தில் இருப்பவர்கள், அதில் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் இருக்க வேண்டும். கொடுப்பவர்கள் உட்காரலாம், கேட்கலாம், வாக்கு வேண்டாம்.

அவர்களுடைய கதையை அப்படியே நம்மேல் போர்த்தக்கூடாது என்பதும் உண்மை. அடிமை முறையும் அதற்குப் பிறகான நூறு வருடமும் அவர்களுடையது, அந்தத் துன்பத்தை இரவல் வாங்கி நாம் பேசுவது மரியாதை இல்லை. இப்போதும் அவர்களுக்கு நிம்மதி கிடையாது. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் நடத்திய ஃபியர்லெஸ் நிதி, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுத்துவந்தது. இன அடிப்படையில் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் 2023-இல் அதன்மேல் வழக்குப் போட்டார்கள். விடுதலையான அடிமைகளுக்காக 1866-இல் எழுதிய குடிமை உரிமைச் சட்டத்தையே எடுத்து வைத்து, இது இனப்பாகுபாடு என்று வாதாடினார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை போட்டது, செப்டம்பரில் சமரசம், திட்டம் மூடப்பட்டது. 2020-இல் வாக்குறுதி கொடுத்த நிறுவனங்கள் பல இப்போது சத்தமில்லாமல் பின்வாங்குகின்றன. கொடுப்பவர்களுக்குத் துணிச்சல் போகும் நாள் வரும், அதைக் கணக்கில் வைத்து, வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்குங்கள்.

பிறைத் தொழிற்சங்கம்:

தங்கச்சி சொன்ன பங்கு விஷயத்தை நானும் ஆதரிக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், மாதக் கணக்கைத் தமிழில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். கணினியில் போட்டால் அம்மாக்கள் பார்க்க மாட்டார்கள்.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நாலு குழுவும் உட்கார்ந்து பேசினோம். காவல் மரணக் குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முன்மொழிந்திருக்கிறோம். வகுப்பு நடத்தும் அக்காதான் முதலில் கை தூக்கினார். மருத்துவர்களில் ஒருவர் இப்போதே தயங்குகிறார், மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். குடும்பங்களிலிருந்து இரண்டு பேர் குழுவில் உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவருக்கு ஞாயிறு முழுநாள் வேலை என்பதால் கூட்டத்தைச் சனி இரவுக்கு மாற்றிவிட்டோம். கணக்காய்வாளர் அண்ணே, அந்த ஒப்பந்தத்துக்கு மாதிரி இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், சனிக்கிழமைக்குள் வந்தால் எல்லாரும் படித்துவிட்டு வருவோம்.